மணமகள் அறையில் ஒரு மார்கழி

எனக்குக் கல்யாணம் நடந்தது சர்ச்சில். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம்கூட மாப்பிள்ளையாக உட்கார்ந்தவனில்லை. ஆனால் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் ஒரு மாதம் குடியிருந்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் அங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களிடம் இதைச் சொன்னால், "அட்வான்ஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அதற்கு முன்பு மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தோம். ஒரே வீட்டைப் பலகை வைத்து அடைத்து ஆறு போர்ஷன் ஆக்கியிருந்தார்கள். பக்கத்துப் போர்ஷனில் தும்மினால் நாங்கள் "நூறு வயசு" என்போம். வீட்டுக்காரர் ஒரு பில்டரோடு கையெழுத்துப் போட்டார். கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள் என்று ஒரு காம்ப்ளெக்ஸ் வரப்போகிறது என்றார். ஊருக்கு நடுவில் ஓட்டு வீடு நிற்பது ஊருக்கே அவமானமாம். பில்டர் எங்கள் முன்னாலேயே சொன்னார். அந்த அவமானத்துக்குள் ஆறு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் நடுவில் ஓட்டைப் பிரிப்பார்கள் என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். அதாவது தப்பு அவர்கள் மேல் இல்லை. இந்தக் கதையில் தப்பு யார் மேல் என்று தேடினால் கடைசியில் என் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும், வாசல்தான் இல்லை.

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் குழந்தை. அவளுக்கு அம்மா இல்லை. அண்ணன் குடும்பம் ஒரே அறையில் ஐந்து பேர். பிரசவத்துக்குப் போக வேறு வீடு கிடையாது. "குழந்தையைத் தூக்கிட்டு வர ஒரு கதவு வேணும்ங்க, அவ்வளவுதான்" என்றாள். நான் ஜன்னலும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றேன். அந்த வயதில் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். வீடு மட்டும் வைத்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் கிளம்புவேன். இரும்புலியூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், எதிர்ப்பக்கம் கோவிலம்பாக்கம் வரைக்கும் மிதித்தேன். வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் நான் எழுதிய ஆசிரியர் தேர்வு ஒன்றுமே இல்லை. எத்தனை பேர், எத்தனை குடம் தண்ணீர், விருந்தாளி வருவார்களா, வந்தால் குளிப்பார்களா. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். கிடைக்கிற சம்பளத்தில் ஆசைதான் படுவோம் என்றேன். கதவைச் சாத்திவிட்டார். மனைவி மாசமாக இருப்பதை மூன்றாவது வீட்டிலிருந்து சொல்வதை நிறுத்திக்கொண்டேன். "பிரசவம் ஆகட்டும், அப்புறம் வாங்க" என்று இரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதன்பின் எந்த வீட்டுக்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை.

கடைசியில் இரும்புலியூரில் ஒரு வீடு படிந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, அடிபம்பு. ஓய்வு பெற்ற மனிதர், நல்லவர். "எப்ப வேணா வாங்க சார், வெள்ளையடிச்சு வெச்சுட்டேன்" என்றார். அது நவம்பர் கடைசி. நான் உடனே மாறியிருக்க வேண்டும். ஆனால் அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் எழுத வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை தள்ளினேன். அடுத்த சனிக்கிழமை சைக்கிள் டயர் வெடித்தது. அதைக் காரணமாக வைத்து இன்னொரு வாரம் தள்ளினேன். ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்து, தலைக்கு மேல் வானம் தெரிந்த பிறகு, மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்துச் சாமான்களை ஏற்றினேன். டிசம்பர் பதினேழு. மனைவியைத் தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். வீட்டுக்காரர் முதலில் சாமானைப் பார்க்கட்டும், வயிற்றை அப்புறம் பார்க்கட்டும் என்று கணக்கு.

இரும்புலியூரில் அவர் வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னிக்கு வந்து நிக்கிறீங்க?"

"இன்னிக்குத்தான் லீவு சார்."

"மார்கழி பொறந்து ரெண்டு நாள் ஆச்சே சார். மார்கழியில யாராவது குடி வருவாங்களா? வர்ற உங்களுக்கும் ஆகாது, வெக்கிற எனக்கும் ஆகாது."

மார்கழி எனக்குத் தெரியாதது இல்லை. விடிவதற்கு முன் ஒலிபெருக்கி என்னையும் சேர்த்துத்தான் எழுப்பும். ஆனால் அது வீட்டுச் சாவிக்கும் பொருந்தும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் தொங்கியது சர்ச் காலண்டர். அதில் அட்வென்ட் ஞாயிறு உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு. கார்த்திகை எப்போது முடிகிறது என்பது இல்லை. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஐந்து பேரும் கார்த்திகைக்குள் பால் காய்ச்சிவிட்டார்கள். ஏன் இத்தனை அவசரம் என்று நான் அவர்களைக் கிண்டல் செய்திருந்தேன். பூமி சூரியனைச் சுற்றுவதால் காலம் மாறுவதை ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிற பூகோள வாத்தியார் நான்.

"நாங்க கிறிஸ்தவங்க சார். எங்களுக்கு மார்கழி பரவாயில்லை" என்றேன்.

"வீடு கிறிஸ்டியன் இல்லையே சார்" என்றார் அவர், ரொம்ப வருத்தத்தோடு. தை பிறந்தால் தன் மகளே குடும்பத்தோடு வருகிறாள் என்றும் சொன்னார்.

வண்டிக்காரர் பீடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "இன்னா சார், எறக்கவா, திருப்பவா?"

"எங்கே திருப்ப? பழைய வீட்டுல ஓடு இல்லை."

அவர் கொஞ்ச நேரம் புகைத்தார். "கண்ணால மண்டபம் ஒண்ணு கீது சார். நான்தான் அண்டா குண்டா அடிப்பேன். மார்கழில எவன் கண்ணாலம் கட்றான்? சும்மா பூட்டிக்கினு கெடக்குது. வாட்ச்மேன் வேற மாலை போட்டுக்கினு மலைக்குப் பூட்டான். மேனேஜர் ஆள் இல்லாம பேஜாராயி கீறாரு."

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வேறு யோசனை எதுவும் என்னிடம் இல்லை என்பது தெரிந்தது.

மண்டப மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாத்தியார் என்றதும் கொஞ்சம் இளகினார். மனைவி ஸ்டேஷனில் இருக்கிறாள், எட்டாம் மாதம் என்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஒளித்து வைக்கத் தெம்பு இல்லை.

"சார், ஓனருக்குத் தெரியாது. வாட்ச்மேன் வர்ற வரைக்கும் மண்டபத்தப் பாத்துக்கற மாதிரி இருந்துக்குங்க. கவுச்சி கூடாது. தை மூணாம் தேதி மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்துடுவாங்க, நாலாம் தேதி முகூர்த்தம். அதுக்குள்ள நீங்க இருந்த சுவடே தெரியக் கூடாது."

அப்படித்தான் நானூறு நாற்காலிக்கும், பன்னிரண்டு அறைக்கும், ஆறு கழிப்பறைக்கும் இரண்டு பேராகக் குடி போனோம்.

மணமகள் அறையைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. அதில்தான் பெரிய கண்ணாடி இருந்தது. கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி, இதற்கு முன் அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், பாம்பு மாதிரி நெளிந்தவை. அவள் பொட்டு வைப்பதில்லை. பகலெல்லாம் அவற்றை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். எழுந்து நடந்தால் காலில் நீர் கோத்துக்கொண்டது. ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற கல்லடுப்புக்குள் எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து இரண்டு ஆழாக்கு அரிசி வேகவைத்தேன். கூடத்தில் நின்று "சாப்பாடு ரெடி" என்றால் நாலு தடவை கேட்கும். "ஒரு தடவை சொன்னா போதாதா?" என்பாள் அறைக்குள்ளிருந்து. முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவள் ஒரு காகித நட்சத்திரம் கட்டினாள். வெளியில் தெரியக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால் அறைக்குள்ளேயே கட்டினாள். சர்ச்சிலிருந்து பாடக் கிளம்பியவர்கள் எங்களைத் தேடிப் பழைய வீட்டுக்குப் போய், குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். அடுத்த ஞாயிறு பாஸ்டர் "எங்கே இருக்கீங்க?" என்றார். "மண்டபத்துல" என்றேன். யார் கல்யாணத்துக்கு என்று கேட்டார்.

சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. மார்கழி முழுவதும் மிதித்தேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "தை பொறக்கட்டும் சார்." ஊருக்கெல்லாம் தை பிறந்தால் வழி பிறக்கும். எங்களுக்குத் தை மூன்றாம் தேதி மத்தியானம் இருக்கிற வழியும் போகும்.

வீடு இல்லை என்று அலைகிறவன் கண்ணுக்குப் பூட்டுகள்தான் படும். ஸ்டேஷன் பக்கத்தில் அண்ணன் தம்பி வழக்கில் மூடிக்கிடந்த ஒரு லாட்ஜ். மாடி முழுக்க அறைகள், பால்கனியில் ஆலங்கன்று. பல்லாவரம் போகிற வழியில் மூடிப்போன கம்பெனியின் குவார்ட்டர்ஸ் வரிசை. கோவிலம்பாக்கத்தில் விலை ஏறட்டும் என்று கட்டி முடித்துப் பூட்டி வைத்த வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் சைக்கிளை நிறுத்தி, கம்பிக் கதவு வழியே உள்ளே பார்ப்பேன். ஒரு தடவை ஒரு அம்மா, "என்ன வேணும்?" என்று அதட்டினாள். "இதுல ஒரு ரூம்" என்றேன். திருடன் என்று நினைத்திருந்தால்கூட அவள் முகம் அப்படி மாறியிருக்காது. எங்களைக் கிளப்பிவிட்டுக் கட்டிய காம்ப்ளெக்ஸும் பின்னால் அந்த வரிசையில் சேர்ந்தது. கீழே நாலு கடை வந்தது. மேல் மாடிகள் ஆளில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தன. எங்கள் சமையலறை இருந்த இடத்துக்கு மேலே புறா குடியிருந்தது. அதை யாரும் மார்கழியா தையா என்று கேட்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் தலையாட்டினார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவில் அவர் வீடு. பின்பக்கத்தில் தனியாக இரண்டு அறை. "தை அஞ்சு வெள்ளிக்கிழமை. நல்ல நாள். அன்னிக்கு வாங்க. அதுக்கு முன்னாடி வேணாம்." எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். அன்றைய தேதிக்கு அது பொய் இல்லை.

மனைவியிடம் வந்து சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "மூணாம் தேதி மத்தியானம் இங்கேருந்து போகணும். அஞ்சாம் தேதி அங்க போகணும். நடுவுல?"

"நடுவுல கல்யாணம்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னது. மூன்றாம் தேதி விடிந்தபோது அதைத் தவிர வேறு வழி இல்லை. மேனேஜர் எங்கள் சாமான்களை மாடிப்படிக்கு அடியில் தள்ளி ஜமக்காளம் போட்டு மூடச் சொன்னார். சர்ச்சுக்குப் போகிற பட்டுப்புடவையை அவள் கட்டிக்கொண்டாள். நான் பாண்ட்டை இஸ்திரி போட்டேன். மத்தியானம் சமையல்காரர்களும் சொந்தக்காரர்களும் வந்து இறங்கியபோது, நாங்கள் இரண்டாம் வரிசையில் சீக்கிரமாக வந்துவிட்ட விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணத்தில் இரண்டு வீடு இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை பக்கம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் பக்கம். டிபன் சாப்பிட்டோம். ஒரு பெரியவர் என்னிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். தங்கமான பையன் என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் என் மனைவிக்கு உட்கார முடியவில்லை. முதுகு விட்டுப்போகிறது என்றாள். கண்ணில் நீர் நின்றது. எழுந்து, பழக்கதோஷத்தில் நேராக மணமகள் அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்துவிட்டாள்.

நான் ஓடிப்போய் வாசலில் நின்றபோது பெண்ணின் சித்தி அவள் தலைமாட்டில் நின்றிருந்தாள். "மாப்பிள்ளை வீட்டு அம்மாவக் கேட்டேன். உங்க ரெண்டு பேரையும் யாருன்னே தெரியாதுங்கறாங்களே. யாரும்மா நீ?"

நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"இந்த ரூம்லதான்க்கா குடியிருந்தோம். வீடு கிடைக்கல. நாளன்னிக்குப் போயிடுவோம்."

சித்தி என்னைப் பார்த்தாள். "நிறைமாசக்காரியக் கூட்டிட்டு வந்து கல்யாண வீட்ல ஒளிச்சு வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஆம்பளையா?" இதற்கும் ஒரு பதில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. கண்ணாடிமுன் உட்கார்ந்திருந்த மணப்பெண் திரும்பாமலே, "அவங்க படுத்திருக்கட்டும் சித்தி. எனக்கு எப்படியும் இன்னிக்குத் தூக்கம் வராது" என்றாள். சித்தி கதவைச் சாத்தினாள், நான் வெளியில். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் பால் உள்ளே போனதைப் பார்த்தேன்.

முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைந்த இரவும் அதே அறையில் கழிந்தது. தை ஐந்தாம் தேதி காலையில் அதே மீன்பாடி வண்டியில் சாமான் முன்னால் போனது. நாங்கள் மின்சார ரயிலில் ஊரப்பாக்கத்தில் இறங்கி மெதுவாக நடந்தோம். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வாசலில் நின்றார்கள். சாமான்கள் பின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாவின் கண் என் மனைவியின் வயிற்றில் வந்து நின்றது.

"இத நீங்க சொல்லவே இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ஆள் எத்தனைன்னுதான் கேட்டீங்க."

"நிறைமாசத்துல வீடு மாத்தக் கூடாது சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்குத்தான் பழி. குழந்தை பொறந்து, தீட்டெல்லாம் கழியட்டும். அப்புறம் தாராளமா வாங்க."

"சாமான்?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார். "சாமான் இருக்கட்டும்."

எங்கள் கட்டிலும் அரிசி டின்னும் அந்த வீட்டில் குடியேறிவிட்டன. எங்களுக்குத்தான் நேரம் வரவில்லை. வண்டிக்காரர் தன் துண்டை எடுத்து வாசல் திட்டில் விரித்து, "உக்காருக்கா" என்றார். அவள் உட்கார்ந்தாள். எதையும் பார்க்கவில்லை. நான் ஏதாவது பேசுவேன் என்று அவள் பயந்தது தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் கடைசியில்.

"வலிக்குதா?"

"இல்ல. அங்க கட்டில் இருக்கும்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். "தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே. வலி இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "எல்லா இடத்துலயும்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவளுடைய காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது. எழுதிக் கொடுத்தார். ஜன்னல் ஓரத்துக் கட்டில். நான் பகலில் பள்ளிக்கூடம், மாலையில் வார்டு வாசல், இரவில் மறுபடியும் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் என் நீளம் வரும். ஒன்பதாவது நாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். ஐந்தாம் நாள் அனுப்பிவிடுவோம், கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது என்றார்கள்.

மூன்றாம் நாள் பிறப்புப் பதிவு எழுத ஒரு அம்மா பெரிய நோட்டோடு வந்தாள். பெயர், வயது, தொழில் எல்லாம் சொன்னேன்.

"அட்ரஸ்?"

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன சார், சொந்த வீடா வாடகை வீடான்னா கேட்டேன்? அட்ரஸ்தானே."

பழைய வீட்டுக் கதவு எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து என் மனைவி ஊரப்பாக்கத்து மனை எண்ணைச் சொன்னாள். தெரு, கிராமம், தாலுகா எல்லாம் நிறுத்தி நிதானமாக. அந்த அம்மா எழுதிக்கொண்டு போன பிறகு, "நாம இன்னும் அங்க போகவேயில்லையே" என்றேன்.

"எழுதியாச்சு. பதிவுச் சீட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போய் அவங்ககிட்ட காட்டுங்க" என்றாள். "பேசாதீங்க. காட்டுங்க."

காட்டினேன். வீட்டுக்காரர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். தன் வீட்டு எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேரும் பேசுவது கேட்டது. அவர் குரல் கொஞ்சம், அந்த அம்மா குரல் நிறைய. நான் அங்கேயே நின்றேன். சொன்னபடி எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

அந்த அம்மா வெளியே வந்தாள். "குழந்தைக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு."

"ஆஸ்பத்திரியில கொசு பிடுங்குமே" என்றாள், என்னைத் திட்டுகிற மாதிரி. சாவியை வாசல் திட்டின் மேல் வைத்தாள், கையில் தரவில்லை. "தீட்டு கழியற வரைக்கும் முன்வாசல்ல வராதீங்க. கிணத்துப் பக்கமும் வேணாம், தண்ணி நான் எறைச்சு வெக்கறேன். பின்னால சந்து வழியா வந்து போங்க."

மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள், சந்து வழியாக வந்தோம். ஒரு ஆள்தான் போகலாம், துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணிக்கொடிக்குக் குனிந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். சாமான்கள் இறக்கிய இடத்திலேயே குவிந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, அறையைச் சுற்றியும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, உள்பக்கம் தடவித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்துப் போட்டாள். பிறகு எடுத்தாள். மறுபடியும் போட்டாள்.

"குழந்தையக் குடுங்க" என்றாள்.